மாமா வெள்ளையடித்த மலை

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் 'கோடை விடுமுறையில் நான் சென்ற ஊர்' என்று கட்டுரை எழுதச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் வகுப்பில் பாதிப் பேர் கொடைக்கானல் என்று எழுதினார்கள். அதிலும் பாதிப் பேர் கொடைக்கானலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தார்கள். நான் போன ஊரை எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் 'சுற்றுலாத் தலம் ஒன்றைப் பற்றி எழுதவும்' என்று கிறுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. தலையில் ஒன்றிரண்டு வெள்ளை முடி எட்டிப் பார்க்கிறது. இப்போது அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதுகிறேன். ஊரை மாற்றப் போவதில்லை.

மதுரையிலிருந்து நத்தம் போகிற சாலையில், மலைகள் கிட்டத்தில் வரத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்தச் சின்ன நகரம். ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் ஸ்டாண்டு, வரிசையாக மாங்காய் மண்டிகள். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரியும். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, மாட்டுத்தாவணியில் மாறி, மடியில் துணிப்பையோடு உட்கார்ந்தால், இறங்கும் இடம் வருவதற்கு முன்னாலேயே மூக்கு சொல்லிவிடும். வைக்கோலில் பழுக்கிற செந்தூரத்துக்கு ஒரு வாசனை. மண்டி வாசலில் நசுங்கி, ஈ மொய்த்துப் புளித்த பழத்துக்கு வேறு வாசனை. காம்பை ஒடித்ததும் பீய்ச்சியடிக்கிற பாலுக்கு, பெயின்ட் கடையில் வருவது போல, இன்னொன்று. அந்தப் பால் பட்டு என் கன்னத்தில் வெந்த தழும்பு ஒன்று கல்லூரி வரைக்கும் இருந்தது.

அங்கே இருந்தது அத்தை வீடு. அத்தை, என் அப்பாவின் அக்கா. மாமா. அவர்கள் மகள். அவள் என்னைவிடப் பெரியவள் என்பதால் எனக்கு மதினி.

மாமாவின் அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தவர்கள். பறித்த காயில் ஒன்றைக் கடித்துப் பார்த்தால்கூட ஏச்சு விழும். மாமாதான் முதன்முதலாகச் சொந்தத் தோப்பு வாங்கினார். மலையடியில், பாறை அதிகம் என்று யாரும் சீண்டாமல் விட்ட நிலம். நாங்கள் அங்கே போனால் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "கடிச்சுப் பாரு. புடிக்கலேன்னா தூக்கி எறிஞ்சிட்டு வேற கடி." நாலு கடி கடித்து எறிகிற காயைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

மாமாவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் உடனே சுண்ணாம்பைக் கரைத்துவிடுவார். பொங்கலுக்கு வீட்டுக்கு அடிப்பார், சரி. கலெக்டர் அந்த வழியாகப் போகிறார் என்று கேள்விப்பட்டுத் தோப்பு மரங்களின் அடியெல்லாம் அடித்திருக்கிறார். எங்கள் அப்பா வருகிறார் என்று மாட்டுத் தொட்டிக்கு அடித்திருக்கிறார். அத்தை கேலி செய்வாள்: "நல்லவேளை, வெள்ளாட்டுக்கு வெள்ளை தேவைப்படல."

தோப்புக்கு மேலே மலை. பாதி ஏறினால் ஒரு குகை. உள்ளே தரையிலேயே வெட்டிய கல் படுக்கைகள், தலை வைக்கிற பக்கம் கொஞ்சம் உயர்த்தி, தலையணை மாதிரி. ஊரில் அதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பாண்டவர்கள் வந்ததற்குச் சாட்சி இல்லை. சமணத் துறவிகளுக்காக வெட்டியது என்று நாமெல்லாம் பின்னால் படித்தோம். அதற்கும் மேலே இடிந்த மதில் ஒன்று, பெரிய பெரிய செங்கல்லும் உடைந்த பானை ஓடுமாகச் சரிந்து கிடக்கும். வெளியே வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் அந்தக் கல் படுக்கை மட்டும் பானைத் தண்ணீர் போலச் சில்லென்றிருக்கும். நானும் மதினியும் ஆளுக்கொரு படுக்கையில் மல்லாந்து கிடப்போம். நடுவில் உப்பு, மிளகாய்த் தூள், மாங்காய். மதினியிடம் ஆக்சா பிளேடை உரசி, துணி சுற்றிச் செய்த கத்தி ஒன்று இருந்தது. அது ஒரு நாள் பாறை இடுக்கில் விழுந்துவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு விளிம்பு வெட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரே வரியாகச் சின்னச் சின்ன வெட்டுகள். கல்லை இழுத்துப் போட்டு ஏறினால் விரலுக்கு எட்டும். எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் பேர் வைத்திருந்தோம். கூட்டல் குறி. கவட்டை. தூண்டில் முள். கம்பி மட்டும் மிஞ்சிய குடை. கண்ணை மூடிக்கொண்டு தடவி எது எது என்று சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. மதினி தப்பவே மாட்டாள்.

அந்த வருடம் மலையில் வேறு எழுத்துகள் முளைத்திருந்தன. சரிவுப் பாறைகளில் சிவப்புப் பெயின்டில் எண்கள். ஒரு கல் கம்பெனி மலையைக் கேட்டிருந்தது. எங்கள் காயை எடுக்கிற மண்டிக்காரர்தான் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். "ரோடு வரும், வேலை வரும்" என்றார். அத்தை பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஓடுகிற குவாரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதன் அருகில் இருந்த தோப்பில் இலையெல்லாம் மாவு பூசியது மாதிரி இருந்ததாம்.

"பூவுல கல்தூசி அப்புனா பிஞ்சு எங்கிட்டுப் புடிக்கும்? அந்தத் தோப்புக்காரன் இப்ப அதே குவாரியில கல்லு சொமக்குறான். நம்மளும் திரும்பக் கூலிக்குப் போகணுமா?" என்றாள்.

மலை போனால் தோப்பு போகும். பதினொரு வயதில் எனக்கே அது புரிந்தது.

வழி சொன்னது மதினியின் வரலாறு டீச்சர். குகை நெற்றியில் இருப்பது மிகப் பழைய எழுத்து, அப்படி எழுத்து இருக்கிற மலையை உடைக்க விட மாட்டார்கள் என்று அவர் சொன்னார். அத்தை அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய், தல்லாகுளம் பக்கம் ஒரு ஆபீஸில் பகல் முழுக்க உட்கார்ந்து, தொல்பொருள் ஆபீசர் ஒருவரை நேரில் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தாள். மாமா உடன் போகவில்லை, அறுவடை நேரம். ஆபீசர் வருகிறார், குகையைப் பார்க்க வருகிறார் என்ற அளவுக்குத்தான் அவர் காதில் விழுந்தது.

ஆபீசர் வருவதற்கு முதல் நாள். அத்தை காய் போட மண்டிக்குப் போயிருந்தாள். சாயங்காலம் நானும் மதினியும் ஆளுக்கொரு மாங்காயைக் கடித்துக்கொண்டு குகைக்கு ஏறினோம். தூரத்திலேயே அது பளீரென்று தெரிந்தது.

குகையின் நெற்றி முழுக்க வெள்ளை. அதன் மேல் செங்காவிப் பட்டை, கோயில் மதிலுக்கு அடிப்பது போல அளவெடுத்து. கீழே சூடம் எரிந்த கரி. மாமா தலையில் கட்டின துண்டோடு, முகமெல்லாம் சுண்ணாம்புப் பொட்டாக, பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க கழுதைகளா. இப்ப இது கோயிலு."

மதினி செருப்பைக் கழற்றவில்லை. "எழுத்து எங்கப்பா?"

"எந்த எழுத்து?"

"மேல ஒரு வரி இருந்துச்சுல்ல!"

"அதுவா? ஆட்டுக்காரப் பயலுக கிறுக்கி வச்சிருந்தாய்ங்க. ரெண்டு கோட்டிங் குடுத்தேன், சுத்தமா மறஞ்சிருச்சு. கஞ்சித் தண்ணி, கல்லுப்பு அம்புட்டும் போட்டுக் கரைச்சிருக்கேன். மழை பேஞ்சாலும் அசையாது."

"அதப் பாக்கத்தாம்ப்பா அந்தாளு வாராரு!"

மாமா சிரித்தார். "கிறுக்கலப் பாக்க மதுரையில இருந்து வருவாய்ங்களாக்கும். ஆபீசர் வாரது எடத்தப் பாக்க. இது அழுக்காக் கெடந்தா ஆட்டுக்கொட்டம்னு சொல்லிட்டு எறங்கிருவாய்ங்க. சாமி இருக்குன்னா எவன் கை வைப்பான்?"

மதினி கையில் இருந்த மாங்காயை வீசினாள். குறி பார்த்து வீசவில்லை, கோபத்தில் வீசினாள். கடித்த பக்கம் வெள்ளையில் மோதி, ஒட்டி நின்று, மெல்லச் சறுக்கி விழுந்தது.

"சாமி மேலயா எறியிற?" மாமாவின் கை ஓங்கியது.

நான் மாங்காய் பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாறு வழிந்த தடத்தில் சுண்ணாம்பு தயிர் போல இளகி இறங்கிக்கொண்டிருந்தது. "மாமா, அங்க பாருங்க" என்றேன். ஓங்கின கை அப்படியே நின்றது. மதினி கல்லில் ஏறித் தாவணி நுனியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள். வெள்ளைக்கு அடியிலிருந்து கறுப்பாக எங்கள் கூட்டல் குறி வெளியே வந்தது.

மாமா அப்படியே கல் படுக்கையில் உட்கார்ந்துவிட்டார். அதன் மேல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதை அவர் எப்போதும் கும்பிட்டுவிட்டுத் தாண்டித்தான் போவார்.

வீட்டில் அத்தை விஷயத்தைக் கேட்டுக் கையிலிருந்த காலிக் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, "ஏங்க, ஒரு வார்த்த கேட்டுட்டு அடிக்கக் கூடாதா?"

"இத்தன வருசத்துல எதக் கேட்டுடி அடிச்சிருக்கேன்?"

"சரி. காலையில கழுவிருவோம்."

"சூடம் காமிச்சாச்சு. இனிமே அதக் கழுவுனா சாமியக் கழுவுன மாதிரி. நான் வர மாட்டேன். நீயும் போகாத."

அத்தை சோற்றைப் போட்டாள். போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றிரவு காற்று அடித்தது. மழை இல்லை, வெறும் காற்று. விடிந்து பார்த்தால் தோப்புத் தரை பச்சையாகக் கிடந்தது. நாட்டு மரங்களில் இன்னும் முற்றாத காய்தான் அதிகம் உதிர்ந்திருந்தது. அடிபட்ட பிஞ்சை மண்டியில் வாங்க மாட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அத்தை அங்கேயே உட்கார்ந்து புலம்பியிருப்பாள். அன்று ஒன்றை எடுத்துக் கடித்தாள். முகம் கோணியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நல்ல புளிப்பு. சாக்க எடுங்கடி."

அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற கைகள், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சாக்கில் காய், குடத்தில் தண்ணீர், கையில் தேங்காய் நார். ஏறுகிற வழியில் மாமா குறுக்கே நின்றார்.

"சாமி கோவிச்சா என்னடி செய்வ?"

"கோவிச்சா என் வீட்டுக்கு வரட்டும், நான் பேசிக்கிறேன். தோப்பு இருந்தாத்தான அதுக்குப் பொங்க வைக்க முடியும்? தள்ளுங்க."

மாமா தள்ளி நின்றார்.

மாங்காயைப் பாறையில் நசுக்குவோம். கூழை அள்ளி வெள்ளையில் அப்புவோம். அது இளகியதும் நாரால் தேய்ப்போம். சுண்ணாம்பும் சாறும் கலந்து முழங்கை வழியாக ஒழுகும். விரலிடுக்கெல்லாம் எரிந்தது. புளிப்பும் பச்சைச் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த வாசனையை நான் வேறு எங்கும் முகர்ந்ததில்லை. மதினி எழுத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள்: "கவட்டை வந்துருச்சு! ஏய், தூண்டில் முள்ளு!" ஒரு பெண் சிரித்தாள்: "என்னடி, பேறு பாக்குற மாதிரி கத்துற?"

பாதியில் தண்ணீர் தீர்ந்துபோனது. யார் இறங்கிப் போய் எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு குடம் எங்கள் பக்கத்தில் வைக்கப்பட்டது. மாமா. காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். மறுபடி நிறைத்துக்கொண்டு வந்தார்.

அப்போது கீழே ஜீப் நின்ற சத்தம். ஆபீசர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கூடவே, அழைக்காமல், மண்டிக்காரர்.

மண்டிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன மாப்ள, நேத்து வெள்ளையடிச்சீக, இன்னைக்கிக் கழுவுறீக. நாளைக்கி என்ன, பொட்டு வச்சுப் பூச்சூட்டுவீகளா?"

ஆபீசர் சிரிக்கவில்லை. "நிறுத்துங்க! என்னத்தப் போட்டுத் தேய்க்கிறீங்க?"

"மாங்கா சார்."

"மாங்காயா?"

"நாட்டு மாங்கா சார். நல்ல புளிப்பு."

"கீழ இறங்குங்கம்மா முதல்ல!"

அத்தையின் கை நிற்கவில்லை. "இன்னும் நாலு எழுத்து கெடக்கு சார். முடிச்சிட்டு எறங்குறேன்."

"நான் சொல்றது காதுல விழுகுதா இல்லையா?"

"விழுகுது சார். கைதான் வேலையா இருக்கு."

முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். அதுவரை ஆபீசர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, எழுத்துகளின் மேல் ஊற்றி ஊற்றி, "தண்ணி, வெறும் தண்ணி, மெதுவா, தேய்க்காதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். பிறகு கத்துவது நின்றது. கல்லில் ஏறி, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, முகத்தைப் பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வலமிருந்து இடமாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை. உதடு மட்டும் அசைந்தது.

மண்டிக்காரர், "ஆட்டுக்காரன் கிறுக்கல்தான சார்?" என்றார்.

"ஆட்டுக்காரனாவே இருக்கட்டும்யா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆட்டுக்காரன்."

அதற்குப் பிறகு மண்டிக்காரர் அங்கே இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆபீசர் நனைத்த காகிதத்தைப் பாறையில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி, மேலே மை ஒற்றினார். காகிதத்தை உரித்தபோது எங்கள் கூட்டல் குறி, கவட்டை, குடைக் கம்பி எல்லாம் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக அதில் இருந்தன. எங்களை அவர் பாராட்டுவார் என்று நினைத்தேன். மாறாக வரிசையாகத் திட்டினார். புளிப்பு கல்லைத் தின்னும். நார் தேய்த்தால் எழுத்தின் ஓரம் மழுங்கும். இனி யாராவது கை வைத்தால் போலீசில் சொல்வேன்.

"வெள்ளையடிச்சது நாந்தான் சார்" என்றார் மாமா, கையைக் கட்டிக்கொண்டு. "திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க. அவுக கழுவத்தான் செஞ்சாக."

இன்று நான் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். சுண்ணாம்பு, சிமென்ட், கல், இவைதான் என் பகல்கள். அதனால் தொழில் தெரிந்தவளாகவே சொல்கிறேன்: ஆபீசர் சொன்னது அத்தனையும் சரி. பழைய கல்லில் அமிலம் படக் கூடாது. நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. வல்லுநர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் வந்த வல்லுநர் முன்னால் வெள்ளைப் பாறை மட்டும் இருந்திருந்தால் அவர் சூடக் கரியைத் தாண்டி இறங்கிப் போயிருப்பார். அடுத்த வாரம் வெடி வைத்திருப்பார்கள். வெடிக்குத் தப்பின கல்லைத்தான் புளிப்பிலிருந்து காப்பாற்ற முடியும். நாங்கள் செய்தது தவறு என்று யார் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். இன்னொருமுறை அந்த நாள் வந்தால் இன்னொரு சாக்கு மாங்காயோடு ஏறுவேன்.

மாமாவை அன்று எல்லாரும் முட்டாள் என்றார்கள். மதினி பல நாள் அவரோடு பேசவில்லை. எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவருடைய ஆட்கள் குடியிருந்த பக்கம் எந்தப் பெரிய மனிதரும் மதித்து வந்ததில்லை. ஒருவர் முதல்முறையாக வருகிறார் என்றதும், தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையை அவர் மலைக்குச் செய்தார். அது தப்பான இடத்தில் விழுந்தது, அவ்வளவுதான்.

கம்பெனி உடனே போய்விடவில்லை. வழக்கு, வாய்தா, மிரட்டல் என்று இழுத்தது. மண்டிக்காரர் எங்கள் காயை எடுக்க மறுத்த பருவம் ஒன்றும் உண்டு. அத்தை கூடைகளை வண்டியில் ஏற்றி மதுரைக்கே கொண்டுவந்து, பழங்காநத்தத்தில் எங்கள் தெரு முனையில் உட்கார்ந்து விற்றாள். கடைசியில் போனது கம்பெனிதான். சிவப்பு எண்கள் மட்டும் மழையில் வெளுத்துப்போய் இன்னும் பாறைகளில் இருக்கின்றன.

மாமா இப்போது இல்லை. தோப்பு இருக்கிறது. மதினி அந்த ஊர்ப் பள்ளியிலேயே டீச்சர். விடுமுறைக் கட்டுரைக்குப் பிள்ளைகள் எந்த ஊரை எழுதினாலும் மதிப்பெண் போடுகிறாள்.

போன மாதம் போயிருந்தேன். குகைக்கு இப்போது கம்பி வேலி, ஒரு வாசல், ஒரு பலகை. 'பாறையைத் தொடாதீர்கள்.' முழங்கால் வலியோடு அத்தையும் ஏறி வந்தாள், முந்தியில் முடிந்த இரண்டு மாங்காயோடு. மதுரையிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நல்லவிதமாகத்தான் பேசினார். கூட்டல் குறி 'க' என்று சொன்னார். படுக்கையை வெட்டிக்கொடுத்தவரின் பெயர் அந்த வரியில் இருக்கிறது என்றார். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு குரலை உயர்த்தி, "இரண்டாயிரம் வருஷமா இது எப்படித் தப்பிச்சது தெரியுமா? ஊரை விட்டு ஒதுங்கி, மனுஷன் கையே படாம இருந்ததாலதான்" என்றார்.

அத்தை பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் பழைய கல்லில் ஏறி, வேலிக் கம்பிக்கு நடுவே கையை விட்டு, கடைசி எழுத்தின் குழியில் விரலை வைத்தாள். அங்கே மட்டும், நாரும் மாங்காயும் எட்டாத ஆழத்தில், கொஞ்சம் மாமாவின் வெள்ளை இன்னும் இருக்கிறது.

"அம்மா, தொடக் கூடாதும்மா!" என்றார் அவர் பதறி. "யாரும்மா நீங்க?"

அத்தை விரலை எடுக்கவில்லை.

"கை படலைன்னீகளேய்யா," என்றாள். "அந்தக் கைதான் இது."